உயரம் இறக்கிய காரில் பின்பக்கச் சத்தம்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஸ்விஃப்ட், பலேனோ, போலோ, ஐ20 போன்ற கார்களில் பின்பக்கம் இருப்பது டார்ஷன் பீம். இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே பீம், அதன் முன்முனைகளைப் பாடியோடு பிணைக்கும் இரண்டு பெரிய ரப்பர் புஷ், இரண்டு காயில் ஸ்பிரிங், இரண்டு ஷாக் அப்சார்பர். அவ்வளவுதான். பால் ஜாயின்ட், லிங்க் ராடு எதுவும் பின்னால் கிடையாது. கம்பெனி நிலையில் சத்தம் வருவதற்கான இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காரின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங், உயரத்தைத் திருகி மாற்றும் காயிலோவர், அகல டயர், சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர், பெரிய சைலன்சர், சப்வூஃபர் பெட்டி, சிஎன்ஜி உருளை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்த பிறகுதான் கணக்கு குழம்புகிறது.

மாற்றம் செய்த காரில் பாகம் கெட்டு வரும் சத்தத்தைவிட, நல்ல பாகத்தைத் தவறாகப் பொருத்தியதால் வரும் சத்தம் அதிகம். அதற்கடுத்து, தனித்தனியாக நன்றாக இருக்கும் இரண்டு பாகங்கள் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகாமல் வரும் சத்தம். இந்த இரண்டையும் பார்க்காமல் புது ஷாக் வாங்கிப் போட்டால், அதே சத்தம் புது ஷாக்கிலும் வரும்.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள்

ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் பை, பார்சல் ட்ரே, சப்வூஃபர் பெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பின்சீட் சாய்வு லாட்சில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, ஆளில்லாத சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு பிளாஸ்டிக்கில் தட்டுகிறதா என்பதையும் கவனியுங்கள். டிக்கி மூடியின் லாட்ச் தளர்ந்திருந்தால் வரும் 'டொக்', ஷாக்கின் மேல் மவுன்ட்டிலிருந்து வருவது போலவே கேட்கும். லாட்ச் கொக்கியில் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டினால் தெரிந்துவிடும். பெட்ரோல் டேங்க் பாதி இருக்கும்போது பிரேக் பிடித்தால் வரும் 'களுக்' சத்தத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் சம்பந்தமில்லை. டேங்கை நிரப்பினால் அது அடங்கும்.

ஏறும்போதா, இறங்கும்போதா?

இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சக்கரம் மேலே தள்ளப்படும்போது வரும் சத்தத்துக்கு ஒரு பட்டியல். சக்கரம் கீழே தொங்கும்போது வரும் சத்தத்துக்கு வேறு பட்டியல்.

வேகத்தடை ஒன்றில் மணிக்கு 10 முதல் 15 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்குங்கள். எல்லா வேகத்தடையும் இதற்கு உதவாது. இந்தியச் சாலை காங்கிரஸின் (ஐஆர்சி) 99-ஆம் விதிப்படி கட்டியது 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. அதில் சக்கரம் ஏறுவதையும் இறங்குவதையும் காதால் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கலாம். தெருக்காரர்கள் தாங்களாகவே போட்ட குட்டிச் சுவர் மாதிரியான மேட்டில் இரண்டும் ஒரே நொடியில் நடந்துவிடும், எதுவும் புரியாது.

இன்னொருவர் பின்சீட்டில் உட்கார்ந்து, வீல் ஆர்ச் மேலுள்ள டிரிம்மில் கை வைத்துக் கேட்கட்டும். ஓட்டுபவருக்குப் பின்பக்கச் சத்தம் இடமா வலமா என்று சரியாகத் தெரியாது. டிக்கிக்குள் ஆளை வைத்து மூடி ஓட்டுவது வேண்டாம். அதற்குப் பதில் செல்போனை வீல் ஆர்ச் அருகே டேப்பால் ஒட்டி வீடியோ ஓட விடுங்கள். முதலில் இடப்பக்கம், அடுத்த சுற்றில் வலப்பக்கம். இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டால் எந்தப் பக்கம் என்பது தெளிவாகும்.

பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மேட்டில் ஏற்றுங்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது வராத சத்தம், ஒரு சக்கரம் ஏறும்போது மட்டும் வந்தால் பீம் முறுக்கேறுகிறது என்று பொருள். அப்போது சந்தேகப்பட வேண்டியவை முன் புஷ், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கக் கூடுதலாகப் போட்ட ஆன்ட்டி ரோல் பார், பீமின் வெல்டிங்.

காரைத் தூக்கும் முன்

பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் பிடிக்கும் சக்கரங்களே அந்தரத்தில் நிற்கும். கார் உருளாமல் தடுக்க முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, முதல் கியரில் போடுங்கள். காரோடு வந்த ஜாக்கியை நம்பி அடியில் போகக்கூடாது. பாடியின் ஜாக்கிங் பாயின்ட்டில் ஆக்ஸில் ஸ்டாண்டு கட்டாயம். ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றும் முன் பீமுக்கு அடியில் டிராலி ஜாக்கி முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பீம் திடீரெனக் கீழே விழுந்து, ஸ்பிரிங் வெளியே வந்து, பாரம் முழுவதும் பிரேக் ஹோஸிலும் ஏபிஎஸ் வயரிலும் தொங்கும்.

இரட்டைத் தூண் லிஃப்ட்டில் சக்கரங்கள் தொங்கும் நிலையில் பார்த்துவிட்டு 'எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது' என்று பல இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். பாரம் இல்லாதபோது பல சத்தங்கள் ஒளிந்துகொள்ளும். சக்கரம் தரையில் நிற்கும்படி சர்வீஸ் குழியிலோ அலைன்மென்ட் ரேம்ப்பிலோ நிறுத்திப் பார்ப்பதே சரி.

மேட்டைத் தாண்டி இறங்கும்போது 'டங்'

லோயரிங் ஸ்பிரிங் போட்ட கார்களில் முதல் சந்தேகம் இதுதான். ஸ்பிரிங் குட்டையாகிவிட்டது, ஷாக் பழைய நீளத்திலேயே இருக்கிறது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஷாக் நீளும் தூரத்துக்கு ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாமல் இருக்கையை விட்டுத் தளர்ந்துவிடும். சக்கரம் மறுபடி தரையில் ஊன்றும்போது ஸ்பிரிங் முனை இருக்கையில் போய் அடிக்கும். அந்த அடிதான் 'டங்'. சில சமயம் ஸ்பிரிங் சற்றுத் திரும்பி உட்கார்ந்து, முனை அதற்கான பள்ளத்திலிருந்து விலகியும் இருக்கும்.

உறுதிசெய்வது எளிது. காரை ஸ்டாண்டில் நிறுத்தி, இரு சக்கரங்களையும் கழற்றி, பீமை டிராலி ஜாக்கியால் மெதுவாகக் கீழே இறக்குங்கள். ஷாக் முழுதாக நீண்டதும் ஸ்பிரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். கையால் சுற்ற முடியாமல் இறுகி நின்றால் இங்கே கோளாறு இல்லை. தாராளமாகச் சுற்றினாலோ, தூக்கினால் அடியில் இடைவெளி தெரிந்தாலோ இதுதான் காரணம். அந்த இடைவெளியை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து எதை வாங்குவது என்பதை அந்த எண்தான் சொல்லும்.

சில மி.மீ. மட்டும் தளர்ந்திருந்தால், மேலும் கீழும் இருக்க வேண்டிய ரப்பர் இருக்கைகள் உள்ளனவா என்று பாருங்கள். 'இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்' என்று அவற்றை எடுத்துவிட்டுப் பொருத்தும் வழக்கம் உண்டு. ரப்பர் இருக்கை பாரம் தாங்க மட்டும் வைத்ததில்லை. இரும்பின் மேல் இரும்பு உரசாமலும் தடுக்கிறது. திரும்பப் போட்டாலே பெரும்பாலும் சத்தம் அடங்கும்.

இடைவெளி அதைவிட அதிகமென்றால் ரப்பரால் தீராது. ஒன்று, குறைந்த நீளம் வரை மட்டுமே நீளும் ஷாக் போட வேண்டும். அல்லது முதன்மை ஸ்பிரிங்குடன் ஒரு மெல்லிய ஹெல்பர் ஸ்பிரிங் சேர்க்க வேண்டும். காயிலோவர் கிட்டில் இருக்கை வளையத்தைத் திருகி மேலே ஏற்றினாலும் இடைவெளி மூடும். ஆனால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனியாக இருக்கும் இந்த அமைப்பில் கார் உயரமும் கூடவே ஏறும். ஸ்பிரிங் சக்கர மையத்துக்கு முன்னால் இருப்பதால், வளையத்தை 10 மி.மீ. ஏற்றினால் கார் 10 மி.மீ.க்கும் மேலாகவே உயரும். இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் திருகி, பூட்டு வளையத்தைச் சி-ஸ்பேனரால் இறுக்குங்கள். பூட்டு வளையம் தளர்ந்தாலும் இதே 'டங்' வரும். மரையில் மண் படிந்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகு திருகுங்கள். மண்ணோடு திருகினால் அலுமினிய மரை போய்விடும்.

வெட்டிய ஸ்பிரிங்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சுற்றை வெட்டினால் கார் இறங்கும், உண்மைதான். ஆனால் இயங்கும் சுற்று 6 இருந்து 5 ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு 20 சதவீதம் கூடும். வெட்டிய முனை இருக்கைப் பள்ளத்தில் உட்காராமல் கூர்முனையாக நின்று ரப்பரைக் கிழிக்கும். கேஸ் கட்டிங்கில் வெட்டியிருந்தால் வெட்டிய இடத்தையொட்டி எஃகின் பதம் போய், அங்கே ஸ்பிரிங் தளரும் அல்லது ஒடியும். இந்த ஸ்பிரிங்கில் சத்தத்தைத் தேடிப் பயனில்லை. ஜோடியாகக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

சுற்றுகள் ஒன்றோடொன்று படும் 'டிங்' வேறு விஷயம். அழுந்த அழுந்த விறைப்பு கூடும் புரோகிரசிவ் ஸ்பிரிங்கில் நெருக்கமான சுற்றுகள் கார் நிற்கும்போதே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அது வடிவமைப்பு, கோளாறு இல்லை. பெயின்ட் தேய்ந்து பளபளக்கும் சுற்றில், நீளவாக்கில் கீறிய ரப்பர் ஹோஸைப் போர்த்தி, இரு முனையிலும் டை கட்டினால் சத்தம் அடங்கும்.

கரடுமுரடான ரோட்டில், மெதுவாகப் போகும்போது 'டொக் டொக் டொக்'

பெரிய மேட்டில் சத்தமே இல்லை. பேட்ச் போட்ட ரோட்டில், மணிக்கு 20–30 கி.மீ. வேகத்தில் விடாமல் தட்டுகிறது. இது ஷாக்கின் இரண்டு முனைகளில் ஏதோ ஒன்றில் ஆட்டம் இருக்கிறது என்பதன் அறிகுறி. சின்ன அசைவில்தான் ஆட்டம் கேட்கும். பெரிய அசைவில் ஷாக் ஒரே திசையில் அழுத்தப்பட்டு ஆட்டத்தை மூடிவிடும்.

மேல் மவுன்ட்டை முதலில் பாருங்கள். டிக்கியின் பக்க டிரிம்மை நீக்கி, அல்லது காரைப் பொறுத்து வீல் ஆர்ச்சுக்குள்ளிருந்து, மவுன்ட்டை எட்டலாம். மவுன்ட்டின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு மற்றொருவரைப் பம்பர் பக்கம் அழுத்தி அழுத்தி விடச் சொல்லுங்கள். தட்டுவது காதுக்குக் கேட்கும் முன்பே விரலுக்குத் தெரியும்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. நட் கெட்டியாக இறுகியிருக்கும்; டார்க் ரெஞ்ச்சும் 'க்ளிக்' என்று சொல்லிவிடும்; ஆனாலும் மவுன்ட் ஆடும். மாற்று ஷாக்கின் ராடு முனையில் மரை எங்கே முடிகிறது என்று பாருங்கள். அந்தத் தோளின் மேல் நட் போய் முட்டி நின்றுவிட்டால், ரப்பரை அது அழுத்தவே இல்லை. பழைய ஷாக்கோடு இருந்த குழாய் ஸ்லீவோ, வட்டத் தட்டோ, ஒரு வாஷரோ புதிதில் விடுபட்டிருக்கும். பழைய பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே தரையில் அடுக்கிப் புதியதோடு ஒப்பிடுங்கள். வெர்னியர் காலிப்பரால் பழைய ஸ்லீவின் நீளத்தையும் உள்விட்டத்தையும் அளந்து, லேத்தில் கொடுத்து அதே அளவில் கடைந்துகொள்ளலாம். வாஷரை மேலே மேலே அடுக்கிச் சமாளிப்பது சில நாளைக்குத்தான் நிற்கும்.

மேல் நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்குவது இன்னொரு தொல்லை. ராடு நட்டோடு சேர்ந்து சுற்றி உள்ளே பிஸ்டனையும் சீலையும் கெடுக்கும். ராடு முனையில் உள்ள தட்டைப் பகுதியையோ ஆலன் கீ துளையையோ பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். ராடின் பளபளப்பான பகுதியைக் குறடால் பிடித்தால் விழும் கீறல் அடுத்த மழைக்காலத்துக்குள் சீலைத் தின்றுவிடும்.

கீழ் முனையில் வேறொரு பொருந்தாமை: போல்ட் 12 மி.மீ., ஷாக் புஷ்ஷின் உள் குழாய் 14 மி.மீ. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பாரம் ஏறும்போது குழாய் நழுவித் தட்டும். போல்ட்டை உருவிப் பாருங்கள்; நடுப்பகுதியில் பளபளப்பான தேய்மானம் இருந்தால் இதுதான். சரியான விட்டமுள்ள ஸ்லீவ் போட வேண்டும்.

எல்லாம் இறுகியிருந்தும் புது ஷாக்கில் முதல் நாளே 'டக்' கேட்கிறதா? இரட்டைக் குழாய் ஷாக்கைப் படுக்கை வாக்கில் வைத்திருந்தால் உள் குழாய்க்குள் காற்றோ வாயுவோ புகுந்திருக்கும். பொருத்தும் முன் ராடு மேலே இருக்கும்படி நேராக நிறுத்தி, முழுதாக இழுத்து, மெதுவாக முழுதாக அழுத்தி, நான்கைந்து முறை செய்ய வேண்டும். இடையில் தொய்வு விழாமல் ஒரே சீராக எதிர்த்தால் காற்று வெளியேறிவிட்டது. அதன்பின் படுக்க வைக்காமல் அப்படியே பொருத்துங்கள். ஒற்றைக் குழாய் (மோனோட்யூப்) ஷாக்குக்கு இது தேவையில்லை.

ஷாக் மேல் லேசான எண்ணெய்ப் பசை, அதில் தூசி ஒட்டியிருப்பது சகஜம். எண்ணெய் வழிந்து கீழ் புஷ் வரை நனைத்திருந்தால் ஷாக் முடிந்தது; ஜோடியாக மாற்றுங்கள்.

நாலு பேர் ஏறினால் 'தொம்'

தனியாக ஓட்டும்போது அமைதி, பின்னால் மூன்று பேர் உட்கார்ந்ததும் ஒவ்வொரு மேட்டிலும் இடி. சக்கரம் மேலே வரும் எல்லையில் தடுக்கும் மெத்தையான பம்ப் ஸ்டாப்பரில் இடிக்கிறது. எவ்வளவு இறக்கினீர்களோ, மேல் பக்கப் பயணத்தில் அவ்வளவும் போய்விட்டது.

ஷாக் ராடில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டையை இறுக்கமாகக் கட்டி, ஷாக் உடம்பைத் தொடும்படி கீழே தள்ளி வையுங்கள். டஸ்ட் கவர் இருந்தால் அதை மேலே தூக்கிக் கட்ட வேண்டும். வழக்கமான பாரத்தோடு வழக்கமான ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், டை எங்கே நிற்கிறதோ அதுவரை ஷாக் அழுந்தியிருக்கிறது. ஸ்டாப்பரை எட்டியிருந்தால் சந்தேகமே இல்லை. சில கார்களில் ஸ்டாப்பர் ஸ்பிரிங்குக்கு உள்ளே, பாடியில் இருக்கும். அங்கே அதன் நுனியில் சாக்பீஸ் தடவி, எதிரே பீமில் தடம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டாப்பரைச் சுருக்கச் சொல்லும் ஸ்பிரிங் கிட்டுகள் உண்டு. அதற்குக் கிட்டோடு வரும் அளவு மட்டுமே அளவு. மெல்லிய நுனிதான் மெதுவாக அழுந்தி அதிர்ச்சியை வாங்கும் பகுதி. அதை வெட்டினால் மீதமிருப்பது கட்டை. ஸ்டாப்பரையே எடுத்துவிடுவது அதைவிட மோசம். பிறகு ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடிவால்வில் இடிக்கும், அந்த ஷாக் நீண்ட நாள் தாங்காது. சிஎன்ஜி உருளையும் வைத்து காரையும் இறக்கினால் இந்தச் சத்தம் வந்தே தீரும். உருளையின் எடை எப்போதும் இறங்காத பயணி. அதற்கேற்ற விறைப்புள்ள ஸ்பிரிங் போடுங்கள், அல்லது உயரத்தைத் திரும்ப ஏற்றுங்கள். மூன்றாவது வழி கிடையாது.

மெதுவாக மேட்டில் ஏறும்போது 'கிரீ...ச்'

பழைய கதவுக் கீல் மாதிரி இழுத்து முனகும். காலையில் அதிகம், மழையில் நனைந்தால் காணாமல் போகும். பீமின் முன் புஷ்.

ரப்பர் புஷ்ஷில் உள் குழாய், ரப்பர், வெளிக் கூடு மூன்றும் ஒட்டியிருக்கும். போல்ட் இறுகியதும் உள் குழாய் பாடியோடு அசையாமல் நிற்கும். பீம் அசையும்போது ரப்பர் முறுக்கேறி இறங்கும். உள்ளே எதுவும் சுழல்வதில்லை. ஆகவே போல்ட்டை எந்த உயரத்தில் இறுக்குகிறோமோ அதுவே ரப்பரின் ஓய்வு நிலை. புஷ்ஷிலிருந்து சக்கர மையம் வரை 400 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், காரை 40 மி.மீ. இறக்கினால் ரப்பர் நிரந்தரமாக ஏறக்குறைய 6 டிகிரி முறுக்கிலேயே நிற்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கியிருந்தால் இன்னும் அதிகம். அதன் மேல் ரோட்டின் ஒவ்வொரு அசைவும். முதலில் முனகும், பிறகு கிழியும்.

ஸ்பிரிங் மாற்றிய எவரும் இந்த போல்ட்டைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் ஸ்பிரிங்கைக் கழற்ற அதைத் தொட வேண்டியதே இல்லை. செய்ய வேண்டியது:

1. கார் சமதளத்தில் நிற்கும்போது, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து குறியுங்கள்.
2. கார் குழியிலோ ரேம்ப்பிலோ சக்கரங்களில் நிற்கும்போதே போல்ட் எட்டினால், இரண்டு முன் போல்ட்டையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். பின்பக்கத்தை ஏழெட்டு முறை அழுத்தி விட்டு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவில் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள்.
3. எட்டாவிட்டால், காரை ஸ்டாண்டில் ஏற்றி ஸ்பிரிங் இரண்டையும் எடுத்துவிட்டு, பீமை ஜாக்கியால் தூக்கி முதலில் குறித்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பிரிங் எதிர்ப்பு இல்லாததால் பீம் சுலபமாக ஏறும். அந்த நிலையில் இறுக்கிவிட்டு ஸ்பிரிங்கைத் திரும்பப் போடுங்கள்.

புஷ்தானா என்று உறுதிசெய்ய, சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு புஷ்ஷிலும் தனித்தனியாகத் தெளித்து ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் தெளித்ததும் சத்தம் மாறுகிறதோ அந்தப் பக்கம். டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ் எதையும் ரப்பரில் தொடவிடாதீர்கள். வாட்டர் வாஷ் செய்யும் இடத்தில் துரு பிடிக்காமலிருக்க அடியில் பழைய ஆயில் அடித்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ரப்பர் ஊதிப்போய்ப் பிசுபிசுப்பாவது அதனால்தான்.

பாலியூரித்தேன் புஷ் வேறு இனம். அதில் உள் குழாய் உண்மையிலேயே சுழலும். ஆகவே மேலே சொன்ன உயரக் கணக்கு அதற்கு இல்லை. ஆனால் காய்ந்தால் கத்தும். கழற்றித் துடைத்து, கிட்டோடு வரும் பிசுபிசுப்பான சிலிக்கான் கிரீஸைத் தடவிப் போட வேண்டும். சாதா வீல் பேரிங் கிரீஸ் தண்ணீரில் அடித்துப்போய்விடும். டார்ஷன் பீமின் முன் புஷ் பல திசைகளில் வளைந்துகொடுக்க வேண்டியது என்பதால், தெருவில் ஓடும் காருக்கு அங்கே பாலியூரித்தேன் போடுவது வீண் வேலை.

பிரேக் பிடிக்கும்போது, ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரே ஒரு 'டக்'

திசை மாறும்போது ஒருமுறை மட்டும் தட்டினால் டிரம் பிரேக் ஷூ நகர்ந்து உட்காரும் சத்தமாக இருக்கலாம். பேக் பிளேட்டில் ஷூ உரசும் இடங்களில் பள்ளம் விழுந்திருக்கும். பிரேக் கிரீஸ் ஒரு துளி போதும்; லைனிங்கில் படக்கூடாது. கிழிந்த பீம் புஷ்ஷும் இதே இடத்தில் தட்டும். கடப்பாரையால் புஷ்ஷின் பக்கத்தில் நெம்பினால், ரப்பர் உள் குழாயிலிருந்து பிரிந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

வெளி அலாய் போட்ட போலோவில் மூன்றாவது காரணம் உண்டு. கம்பெனி வீல் போல்ட்டின் இருக்கை உருண்டை வடிவம். கடையில் விற்கும் பெரும்பாலான அலாய்க்குக் கூம்பு வடிவ இருக்கை. உருண்டையைக் கூம்பில் வைத்து இறுக்கினால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும்தான் தொடும். எம்14×1.5 போல்ட்டை முறையாக 120 நியூட்டன் மீட்டரில் இறுக்கினாலும் கொஞ்ச நாளில் தளரும். சக்கரம் ஹப்பில் நகரும் அந்த 'டக்'கை சஸ்பென்ஷன் என்று எண்ணி அலைவார்கள். அலாயின் துளையை டார்ச் அடித்துப் பார்த்து, அதற்குரிய போல்ட்டையே போடுங்கள்.

ஸ்பேசர் போட்டிருந்தால் போல்ட்டும் அதே அளவு நீளமாக வேண்டும்; குறைந்தது 7–8 முழுச் சுற்று மரையில் ஏற வேண்டும். பின்னாளில் ஸ்பேசரை எடுத்துவிட்டு நீள போல்ட்டை அப்படியே போட்டால் முனை டிரம்முக்குள் புகுந்து ஷூவில் இடிக்கும். காரை இறக்கும் முன் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

வளைவிலும் பாரத்திலும் 'சர்ர்ர்'

டயர் மட்கார்டு விளிம்பில் உரசுகிறது. வீல் வாங்கும்போதே போட வேண்டிய கணக்கு இது: 6 அங்குல அகலம், ஆஃப்செட் (ஹப்பில் ஒட்டும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் மி.மீ.) 40 இருந்த இடத்தில் 7 அங்குலம், ஆஃப்செட் 35 போட்டால், வெளி விளிம்பு 12.7 உடன் 5 சேர்த்து 17.7 மி.மீ. வெளியே வரும். உள் விளிம்பு 12.7 இல் 5 கழித்து 7.7 மி.மீ. உள்ளே போகும். மேலும் 10 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் வெளியே 27.7 மி.மீ. இறக்கிய காரில் அதற்கு இடம் இருக்காது.

டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் கோடு போட்டு ஓட்டிவிட்டு, எங்கே அழிந்தது, வீல் ஆர்ச்சில் எங்கே வெள்ளை ஒட்டியது என்று பாருங்கள். உள்பக்கம் ஷாக் உடம்போடு உரசல் இருந்தால் அதை விட்டுவைக்கக்கூடாது. டயரின் பக்கச்சுவர் அறுபட்டு ஓட்டத்திலேயே வெடிக்கும்.

வேகம் கூடக் கூட ஊளை

பேரிங்கா, டயரா? பின் சக்கரங்களை முன்னாலும் முன்னதைப் பின்னாலும் மாற்றி ஓட்டுங்கள். ஊளை முன்னால் வந்தால் டயர். பின்னாலேயே நின்றால் பேரிங். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றும்போது மறுகையால் காயில் ஸ்பிரிங்கைத் தொட்டுப் பாருங்கள். தேய்ந்த பேரிங்கின் சொரசொரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும்.

டயர்தான் என்றால், அது ஏன் அலை அலையாகத் தேய்ந்தது என்று கேட்க வேண்டும். பலமிழந்த ஷாக் ஒரு காரணம், பின் டோ அளவு (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறியது மற்றொன்று. இந்தப் பீமில் கேம்பரையும் (சக்கரத்தின் சாய்வுக் கோணம்) டோவையும் திருப்பிச் சரிசெய்ய எந்த போல்ட்டும் கிடையாது. ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்தால்தான் மாறும். அலைன்மென்ட் கடையில் 'பின்பக்கமும் அட்ஜஸ்ட் செய்தோம்' என்று பில் போட்டால், எதைத் திருப்பினீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காரை இறக்கியதால் மட்டும் பின் டோ பெரிதாக மாறாது. அளவு விலகியிருந்தால் பீமோ, சக்கரம் பொருந்தும் அச்சான ஸ்டப்போ எங்கோ அடிபட்டு வளைந்திருக்கிறது.

சைலன்சரும் சிஎன்ஜியும்

பெரிய விட்டமுள்ள சைலன்சர் குழாய் பீமை ஒட்டிப் போகும். நிற்கும்போது இருக்கும் இடைவெளி, பீம் முழுதாக மேலே வரும்போது இருக்காது. குழாயும் பீமும் நெருங்கும் இடத்தில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி ஓட்டுங்கள். திரும்பி வந்து அது எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் மிச்ச இடைவெளி தெரியும். தொங்கும் ரப்பர்களையும் இழுத்துப் பாருங்கள்.

சிஎன்ஜி உருளையின் பட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டி நழுவினால் கனமான 'டண்' வரும். அந்தப் பட்டையை நீங்களாகத் தளர்த்த வேண்டாம். கிட் பொருத்திய அனுமதி பெற்ற இடத்தில் கொடுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ஹைட்ரோ சோதனை (உருளையின் நீரழுத்தச் சோதனை) நெருங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே முடித்துக்கொள்ளலாம்.

எதிலும் அடங்காத முனகல்

மேலே உள்ள எல்லாவற்றையும் பார்த்தும், ஒரு சக்கரம் ஏறும்போது மட்டும் இரும்பு முனகினால், கூடுதலாகப் போட்ட ஆன்ட்டி ரோல் பாரின் கிளாம்ப் போல்ட்டுகளைச் சோதியுங்கள். பெயின்ட்டின் மேல் கிளாம்ப்பை இறுக்கியிருந்தால் பெயின்ட் தேய்ந்ததும் தளரும். புதிதாகப் பொருத்திய எந்தப் பாகத்தையும் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி டார்க் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கும் அடங்காவிட்டால் ஸ்பிரிங் இருக்கையின் வெல்டிங், பீமின் நடுக்குறுக்கு சேரும் மூலைகள், பாடியில் ஷாக் மவுன்ட்டைச் சுற்றியுள்ள தகடு ஆகியவற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஓடிய கார்களுக்கு இது கட்டாயம். உப்புக்காற்றின் துரு ரப்பர் இருக்கைக்கு அடியில்தான் முதலில் தங்கும். முடி போன்ற கோடு தெரிந்தால் விரிசல் காட்டும் சாய ஸ்ப்ரே அடித்து உறுதிசெய்யுங்கள். விரிசல் உறுதியானால் அதன் மேல் வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். நடுக்குறுக்கு முறுக்கேறி இறங்கும்படி செய்த எஃகு. வெல்டிங் சூட்டில் பதம் மாறி, வெல்டிங்கை ஒட்டிய இடத்திலேயே மறுபடி பிளக்கும். பீமையே மாற்ற வேண்டும், மாற்றும்வரை அந்தக் காரை எடுக்கக்கூடாது.